பெருக்காத பெருக்கி: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தது 1972ஆம் ஆண்டில். இன்டெல் நிறுவனம் தன் முதல் அயல்நாட்டுத் தொழிற்சாலையை அங்கே தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. மின்னணுத் தொழில் நம் வாசலுக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்தும், அதன் கருவிகளைத் தமிழில் சொல்லப் புகுந்தால் தடுமாறுகிறோம். ஒரு சொல்லை மட்டும் இங்கு ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் 'சார்ஜ் ஆம்ப்ளிஃபையர்' எனப்படுவதை 'மின்னூட்டப் பெருக்கி' எனப் பெயர்க்கிறோம். இலங்கை வழக்கில் மின்னூட்டம் 'ஏற்றம்', பெருக்கி 'விரியலாக்கி'. பெயர்ப்பில் பிழையில்லை; பிழை மூலச்சொல்லிலேயே இருக்கிறது.

குவார்ட்ஸ் முதலிய படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதை 1880இல் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் கண்டறிந்தனர். 'பியசோ' என்னும் முன்னொட்டு, அழுத்துதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. ஆதலின் 'அழுத்தமின் விளைவு' என்பது வேர்ப்பொருளுக்கும் பொருந்துகிறது.

அளப்பதுதான் அரிதாயிற்று. ஒரு நியூட்டன் விசைக்குக் குவார்ட்ஸ் தருவது ஏறத்தாழ 2.3 பிக்கோகூலும். அதனை மின்னழுத்தமாக நேரே அளந்தால், இணைக்கும் வடத்தின் மின்தேக்குத்திறனும் குறுக்கிடும். அது மீட்டருக்கு நூறு பிக்கோஃபாரட் அளவில் இருக்கலாம். எனவே வடத்தை நீட்டினால் அளவீடே மாறிவிடும்!

சுவிட்சர்லாந்தின் வால்டர் கிஸ்ட்லர் 1950இல் காப்புரிமை பெற்ற சுற்று இவ்விடரைத் தீர்த்தது. மிகுபெருக்கமுடைய தலைகீழ்ப் பெருக்கி ஒன்றின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு மின்தேக்கி இணைக்கப்படுகிறது. பெருக்கி தன் உள்ளீட்டை ஏறக்குறைய சுழி மின்னழுத்தத்திலேயே நிறுத்துவதால், வடத்தில் மின்னூட்டம் தங்குவதில்லை. அனைத்தும் அம்மின்தேக்கிக்கே செல்கிறது. நூறு நியூட்டன் விசை 230 பிக்கோகூலும் தரும். மின்தேக்கி 1000 பிக்கோஃபாரட் எனின் வெளியீட்டின் அளவு 0.23 வோல்ட், குறி மட்டும் எதிராகும். மின்கசிவு தொல்லை தந்ததால், 1960களில் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரும் டெஃப்லான் போன்ற காப்புப் பொருள்களும் வந்த பின்னரே இச்சுற்று பரவலாயிற்று. இன்றும் அசையாச் சுமையை நெடுநேரம் அளந்தால் அளவீடு மெல்ல நழுவும்.

ஆக, இங்கே மின்னூட்டம் பெருகுவதில்லை; மின்னழுத்தமாக மாறுகிறது. பெயரை நம்பும் மாணவர் வெளியீட்டில் பெரிய மின்னூட்டத்தைத் தேடுவார். சுற்றுப்படத்தைப் பாராமல் அகராதியை மட்டும் விரித்துவைத்துச் சொல்லாக்கிய காலம் நமக்கும் உண்டு. 'மின்னூட்ட-மின்னழுத்த மாற்றி' என்பதையே வகுப்பறைக்குப் பரிந்துரைக்கிறோம். நீளம்தான், எனினும் பழம்பெயரை அதனருகே அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளலாம்.