அடுப்படியிலிருந்து கடலுக்கு: படகு எஞ்சின் உண்ட எண்ணெய்கள்

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-ல் வெளிவந்தது. வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் இடையே மூண்ட பகையை அந்நாவலை வாசித்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பாயும் துடுப்பும் ஒரு பக்கம், டீசல் எஞ்சின் மறுபக்கம் என்று கடல் இரண்டாகப் பிளந்து நின்ற காலம் அது. அதற்குப் பின் வந்த மூன்றாவது கதாபாத்திரத்தை நம் இலக்கியம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அதே வள்ளத்தின் பின்புறத்தில், ஒரு மனிதன் தோளில் தூக்கிச் சென்று மாட்டக்கூடிய சிறு எஞ்சினைத்தான் சொல்கிறேன். அது எதைக் குடித்து ஓடியது என்று கேட்டுக்கொண்டு போனால் நாம் வந்து சேரும் இடம் கடற்கரையன்று, அடுப்படி.

படகுக்கு வெளியே தொங்கும் இவ்வகை எஞ்சினை அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்து பரவலாக்கினார். ஜப்பானின் யமஹா 1960-ல் தன் முதல் படகு எஞ்சினைச் செய்தது. குமரி, திருவனந்தபுரம் கடற்கரைகளில் இவை பெருகியது 1980-களில். பெட்ரோலுக்கென்று வடிவமைக்கப்பட்ட இயந்திரம், பெட்ரோல்தான் அதன் இயல்பான உணவு. நம் கடலில் அது பெரும்பாலும் உண்டதோ மண்ணெண்ணெய், தெற்கத்திப் பேச்சில் சீமெண்ணெய். இந்தியாவுக்கு எஞ்சின் விற்க வந்த ஜப்பானிய நிறுவனங்கள் மண்ணெண்ணெயில் ஓடும் வகைகளையே தனியாகச் செய்து தரும்படி ஆயிற்று.

மலையடிவாரத்துச் சிவகிரியிலிருந்து கொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்கு: இந்தத் தந்திரம் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிணற்றடிக்கும் அந்நியமானதன்று. பெட்ரோலில் உயிர்ப்பித்து, சூடேறியதும் சீமெண்ணெய்க்கு மாற்றிவிடும் சிறு பம்புசெட்டுகளை நஞ்சைக்காரர்கள் நன்கு அறிவார்கள். காரணம் எளியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, ஆகவே தொடக்கத்துக்குச் சில துளி பெட்ரோல் வேண்டும். தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டும் ஆக்டேன் எண் நம் சாதாரண பெட்ரோலுக்குத் தொண்ணூறுக்கும் மேல். மண்ணெண்ணெய்க்கு அது முப்பதையும் எட்டாது. எனவே எஞ்சினின் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும், அழுத்தம் குறைந்தால் வலுவும் குறையும். போதாக்குறைக்கு, பழைய இருவீச்சு எஞ்சின்களில் எரிபொருளின் நான்கில் ஒரு பங்கு வரை எரியாமலே புகையோடு வெளியேறித் தண்ணீரில் கலந்துவிடும். பொறியாளர் எவரும் விரும்பித் தேர்ந்தெடுக்கக்கூடிய எரிபொருள் அன்று இது.

தேர்ந்தெடுத்தது விலை. ஏழை வீட்டு விளக்குக்கும் ஸ்டவ்வுக்கும் என்று மானியம் தந்து, கடத்தலைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் கலந்து, அரசு ரேஷன் கடையில் ஊற்றிய எண்ணெய் அது. கேரளம் மீனவருக்குத் தனி பெர்மிட் கொடுத்தது. தமிழகமும் பின்னாளில் நாட்டுப்படகுகளுக்கு மானிய விலையில் மண்ணெண்ணெய் வழங்கியது. போதாததைக் கள்ளச் சந்தை நிரப்பியது. ஆக, குடிசையின் விளக்கும் வள்ளத்தின் எஞ்சினும் ஒரே பீப்பாயின் பங்காளிகளாயின. மீனவர் வீட்டில் இந்தப் பங்காளிச் சண்டை ஒரே கூரைக்குக் கீழேயே நடந்திருக்கும்.

இப்பங்கீடு எவ்வளவு கொடுமையாகவும் முடியும் என்பதை யாழ்ப்பாணம் கண்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெட்ரோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து விடப்பட்டது, விலையோ பன்மடங்காக ஏறியது. அந்த மக்கள் எல்லாவற்றையும் அதில் ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் சிறு பிளாஸ்டிக் போத்தலால் சில துளி பெட்ரோலைப் பீய்ச்சி, உதைத்துக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிச் சென்றார்கள். மின்சாரமற்ற இரவுகளில் மாணவர்கள் ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்டுச் செய்த விளக்கில், சொட்டுச் சொட்டாக அதே எண்ணெயைச் செலவிட்டுப் பரீட்சைக்குப் படித்தார்கள். ஆனையிறவு வழியும் சங்குப்பிட்டி வழியும் அடைபட்டதால், வெளியே செல்ல இருந்த பாதை கிளாலிக் கடனீரேரி ஒன்றே. எஞ்சின் பூட்டிய படகு ஒன்று, கயிற்றால் பிணைத்த மற்றப் படகுகளை இருட்டில் இழுத்துச் சென்றது. 1993 ஜனவரி 2-ஆம் நாள் அக்கடனீரேரியில் பயணம் செய்த பொதுமக்கள் கடற்படையின் தாக்குதலில் உயிரிழந்தார்கள். ஒரு லீற்றர் எண்ணெயை விளக்குக்கு வைப்பதா, வண்டிக்கு ஊற்றுவதா, படகுக்குக் கொடுப்பதா என்று வீடுதோறும் கணக்குப் போட்ட காலத்தை எரிபொருள் ஒப்பீட்டு அட்டவணைகளில் காண முடியாது.

இந்தியாவில் அடுப்படி மாறியது 2016-ல். அவ்வாண்டு மே 1 அன்று உஜ்வலா திட்டம் தொடங்கி ஏழை வீடுகளுக்கு எரிவாயு சென்றது. ஜூலை முதல் ரேஷன் மண்ணெண்ணெயின் விலை சிறுகச் சிறுக உயர்த்தப்பட்டு, 2020 வாக்கில் மத்திய அரசின் மானியம் இல்லாமலே ஆயிற்று. அடுப்பு இடம்பெயர்ந்துவிட்டது, படகு பழைய இடத்திலேயே நின்றது. 2022-ல் கேரளத்தில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது, மண்ணெண்ணெயை விட்டு எங்கே போவது என்ற கேள்வி கூர்மையாயிற்று. விடையாக முன்வைக்கப்பட்டவற்றுள் பெட்ரோலும் எரிவாயுவும் முதன்மையானவை.

நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. குளிர்நாடுகளில் பியூட்டேன் ஆவியாக மறுக்கும் என்பதால் தனிப் புரொப்பேனையே நாடுவார்கள், நம் வெயிலில் அந்தக் கவலை இல்லை. எடைக்கு எடை பார்த்தால் வாயு பெட்ரோலைவிடச் சற்றே கூடுதல் ஆற்றல் தரும். புரொப்பேனின் ஆக்டேன் எண்ணும் நூறைத் தாண்டியது. எண்ணெய்ப் படலமாகத் தண்ணீரில் மிதக்காது, கரியும் குறைவு. ஆனால் கலனைச் சேர்த்து எடை போடுங்கள். 14.2 கிலோ வாயுவின் ஆற்றல் ஏறத்தாழ இருபது லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அந்த இருபது லிட்டரின் எடை பதினைந்து கிலோ. சிலிண்டரோ இரும்போடு சேர்த்து முப்பது கிலோ. மணலில் தோள்மீது சுமந்து செல்பவருக்கு இது சின்ன வித்தியாசமன்று. இருவீச்சு எஞ்சினில் பெட்ரோலோடு மசகெண்ணெயைக் கலந்து ஊற்றுவதுபோல் வாயுவோடு கலக்கவும் இயலாது. ஆகவே பழைய எஞ்சினுக்கு வால்வு ஒன்றை மாட்டிச் சமாளிப்பது எளிதன்று, நான்குவீச்சு எஞ்சின் வேண்டும், அதற்கு முதல் வேண்டும்.

பாதுகாப்பில் பலர் நினைப்பதுபோல் பெட்ரோல் ஒன்றும் சாது அல்ல. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பெட்ரோல் ஆவி மும்மடங்குக்கும் மேல். இரண்டும் கசிந்தால் தரையில்தான் தேங்கும். மூடிய அறையுள்ள படகில் இரண்டுமே ஆபத்து, திறந்த வள்ளத்தில் கடற்காற்று பெரும்பகுதியை அடித்துச் செல்லும்.

2010-களின் தொடக்கத்தில் லெர் என்ற அமெரிக்க நிறுவனம் புரொப்பேன் படகு எஞ்சின்களை விற்றபோது அடுக்கிய பெருமைகளில் ஒன்று, மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் எரிபொருள் கெடாது என்பது. ஜப்பானின் டோஹாட்சுவும் பின்னர் ஐந்து குதிரைத்திறனில் ஒன்றைக் கொண்டுவந்தது. விடுமுறைக்கு ஏரிக்குப் போகிறவருக்கு அது நல்ல செய்திதான். அன்றாடம் விடியுமுன் கடலுக்குப் போகிறவரின் டப்பாவில் பெட்ரோல் எங்கே கெடப் போகிறது என்று கேட்கத் தோன்றும். ஆயினும் 2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியபின் அக்கேள்விக்கு வேறு முகம் வந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். உப்புக்காற்றில் திறந்து மூடும் டப்பாவில் நீர் அளவு மிஞ்சினால், எத்தனால் அந்நீரோடு பிரிந்து அடியில் தங்கி, எஞ்சினை நடுக்கடலில் நிறுத்திவிடும். இந்த ஒன்றில் வாயுவின் பக்கம் நான் சாய்கிறேன்.

கேரளக் கரையில் இந்த 2020-களில் வாயுவில் ஓடும் படகுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எஞ்சின் ஓடும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வீட்டுக்குரிய சிவப்புச் சிலிண்டரை எஞ்சினில் பூட்ட 2000-ஆம் ஆண்டின் எரிவாயுக் கட்டுப்பாட்டு ஆணை தடை செய்கிறது. அனுமதிக்கப்பட்ட வாகன வாயு கிடைக்கும் நிலையங்களோ நெடுஞ்சாலையோரம், ஆட்டோக்களுக்காக அமைந்தவை. நீலச் சாயமிட்ட எண்ணெய் விளக்கிலிருந்து வள்ளத்துக்குப் போனதைக் கண்டும் காணாமல் இருந்த அதிகாரிகள், சிலிண்டர் சமையலறை வாசலைத் தாண்டும்போது என்ன செய்வார்கள் என்பதைத்தான் கடற்கரை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறது.