சியன்னா பேராலயமும் முடிவுறாத சுவரும்

புனித கத்தரீன் பிறந்த ஊர் என்ற வகையில் இத்தாலியின் சியன்னா நகரை நாம் அறிவோம். அங்குள்ள பேராலயம் விண்ணேற்பு அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வெண்பளிங்கும் கரும்பளிங்கும் பட்டை பட்டையாக மாறி மாறி அடுக்கப்பட்ட தூண்கள் உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கவரும். கருப்பும் வெள்ளையும் அந்நகரின் சின்னத்திலுள்ள வண்ணங்கள்.

1260ஆம் ஆண்டு புளோரன்சுப் படையை எதிர்கொள்ளுமுன் சியன்னா மக்கள் தங்கள் நகரை அன்னை மரியாவிடம் ஒப்படைத்தனர். போரில் வெற்றியும் பெற்றனர். அடுத்து வந்த திருப்பணிகளை இந்த நன்றியுணர்வோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம். நிக்கோலா பிசானோ 1265 முதல் 1268 வரை உருவாக்கிய பளிங்கு மறையுரை மேடை அவற்றில் ஒன்று. அதன் தூண்களில் சில சிங்கங்களின் முதுகில் நிற்கின்றன. மேலே கிறிஸ்து பிறப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை செதுக்கப்பட்டுள்ளது. மாசில்லாக் குழந்தைகள் கொல்லப்படும் பகுதியில் தாய்மார்களின் துயரத்தைக் கண்டபின், அங்கு நின்று மறையுரை ஆற்றும் எந்தக் குருவும் சொற்களைக் குறைத்துக்கொள்வார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பீடத்துக்காக ஓவியர் தூச்சோ வரைந்த அரியணை அன்னையின் பெரிய படம் 1311 ஜூன் 9 அன்று அவருடைய பட்டறையிலிருந்து பவனியாகக் கொண்டுவரப்பட்டது. கடைகள் அடைக்கப்பட்டன, மணிகள் ஒலித்தன. ஆயரும் குருக்களும் நகரத் தலைவர்களும் மக்களும் உடன் சென்றனர். அன்னையின் காலடியில் எழுதப்பட்டுள்ள மன்றாட்டு சியன்னாவுக்கு அமைதியையும் தூச்சோவுக்கு வாழ்வையும் கேட்கிறது. படத்தின் பின்புறத்தில் இயேசுவின் பாடுகள் வரையப்பட்டிருந்தன.

இவ்வளவு இருந்தும் நகரத்தார் நிறைவடையவில்லை. இருந்த ஆலயத்தையே குறுக்குக் கூடமாக்கி, மாபெரும் புதிய நடுக்கூடம் எழுப்ப 1339இல் முடிவு செய்தனர். பக்தியோடு புளோரன்சை விஞ்சும் ஆசையும் அதில் கலந்திருந்ததை மறைக்கத் தேவையில்லை. 1348இல் கொள்ளைநோய் வந்தது. கத்தரீன் அப்போது ஒரு வயதுக் குழந்தை. மக்களில் பெரும்பகுதியினர் மாண்டனர். எழுந்த சுவர்களும் உறுதியற்றவை எனத் தெரியவே வேலை கைவிடப்பட்டது.

பழைய ஆலயத்தை அழகுபடுத்தும் பணி தொடர்ந்தது. தரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பளிங்குச் சித்திரங்கள் பதிக்கப்பட்டன. பிற சமய மரபின் சிபில் என்னும் தீர்க்கதரிசனப் பெண்களுக்கும் அதில் இடமளித்திருப்பது வியப்புக்குரியது. தேயாமல் காக்க, ஆண்டின் பெரும்பகுதி இத்தரையை மூடியே வைக்கின்றனர்.

தூச்சோவின் படம் 1771இல் அறுத்துப் பிரிக்கப்பட்டது. சில துண்டுகள் இலண்டனிலும் வாஷிங்டனிலும் உள்ளன. பெரும்பகுதி பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முடிவுறாத அந்தப் புதிய ஆலயத்தின் பக்கக்கூடத்தை அடைத்துத்தான் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்தே, தனித்து நிற்கும் அதன் முகப்புச் சுவரின் உச்சிக்கும் ஏறலாம்.