புனேயின் பாறையும் குடிநீரும்

புனேயில் குடியேறி வாழும் தமிழ் மக்களிடம், அவர்கள் அருந்தும் நீர் எங்கிருந்து வருகிறது என்று வினவினால், பெரும்பாலோர் கடக்வாஸ்லா அணையையே சுட்டுவர். அவ்விடை தவறன்று, ஆயினும் முழு விடையும் அன்று. நகரின் விளிம்பில் எழுந்துள்ள புதுக் குடியிருப்புகள் பலவற்றில் அணைநீர் போதிய அளவில் வந்து சேர்வதில்லை. அங்கே ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியுமே குடும்பங்களைத் தாங்குகின்றன. லாரி கொணரும் நீரிலும் ஒரு பகுதி வேறோர் ஊர்க் கிணற்றிலிருந்து இறைக்கப்பட்டதே. ஆதலின், நாம் நிற்கும் தரைக்கு அடியிலுள்ள பாறையைப் பற்றியும், அதனை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றைப் பற்றியும் சிறிது தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும்.

நிலத்தடியில் நீரைத் தேக்கி, கிணற்றுக்கும் ஊற்றுக்கும் வழங்கக்கூடிய பாறை அல்லது மணல் அடுக்கினை நாம் தமிழில் நீர்த்தாங்கி என்கிறோம். மராட்டியர் அதனை 'ஜலதர்' என்பர். மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு இச்சொல் ஒரு வியப்பைத் தருகிறது. இதே வடசொல் தமிழில் 'சலதரம்' என்று வழங்கும்போது மேகத்தைக் குறிக்கும். நீரைத் தாங்குவது என்பதே அதன் பொருள். மேலே மிதக்கும் முகிலுக்கும் கீழே கிடக்கும் பாறைக்கும் ஒரே பெயர் பொருந்தி நிற்கிறது. முகில் தந்ததைப் பாறை வாங்கி வைக்கிறது என்பதே இதில் அடங்கிய உண்மை.

ஆனால் எல்லாப் பாறையும் ஒரே வகையில் நீரை வைத்துக்கொள்வதில்லை. காவிரிக் கரையிலோ பாலாற்றுப் படுகையிலோ பிறந்தவர்களுக்கு, மணலைச் சிறிது தோண்டினால் நீர் சுரப்பது இளமை முதற்கொண்டு பழகிய காட்சி. தக்காணத்தின் நிலைமை வேறு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் பிளவுகளிலிருந்து எரிமலைக் குழம்பு மீண்டும் மீண்டும் பொங்கி வழிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்தது. அவ்வாறு தோன்றிய பசால்ட் பாறையே மகாராஷ்டிரத்தின் நிலப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் பரவிக் கிடக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் மேற்பகுதியிலும் ஆவி வெளியேறிய சிறு துளைகள் உண்டு. கீழ்ப்பகுதியோ இறுகிய கல். காற்றும் மழையும் சிதைத்த பகுதியிலும், விரிசல் விட்ட இடங்களிலுமே நீர் தங்கும். நூறு பங்கு பாறையிலிருந்து நாம் வெளிக்கொணரக்கூடிய நீர் பொதுவாக ஒன்று முதல் மூன்று பங்கே. எனவே, ஒரு மனையில் நல்ல நீரும் அடுத்த மனையில் வறண்ட துளையும் அமைவது இங்கே இயல்பு. அதனை நல்லூழ் என்றும் தீயூழ் என்றும் கூறி அமைதி கொள்வது பலரது வழக்கம். உண்மையில் அது பாறையின் அமைப்பு, அறிந்து வரையத்தக்கது.

புனேயின் பழைய ஆட்சியாளர் நீரின் அருமையை நன்கு உணர்ந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில், நானாசாகேப் என்று வழங்கப்பட்ட பேஷ்வா பாலாஜி பாஜிராவ், நகரின் தெற்கே காத்ரஜ் குன்றுகளின் அடியில் இரண்டு ஏரிகளை அமைத்தார். மேலேரியில் வண்டல் படிய, தெளிந்த நீர் கீழேரிக்கு இறங்கிற்று. அங்கிருந்து கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டிய நிலத்தடிக் கால்வாய் நகரை நோக்கிச் சென்றது. மனிதர் இறங்கிச் சென்று பழுது பார்க்கும் அளவுக்கு அதற்கு உயரம் இருந்தது. சனிவார்வாடா அரண்மனைக்கும், 'ஹௌத்' எனப்படும் பொதுத் தொட்டிகளுக்கும் அந்நீர் இயல்பான சரிவினாலேயே வந்து சேர்ந்தது. இதனோடு, 'பேட்' என்று மராட்டியர் கூறும் பேட்டைகளில் இருந்த பெரிய வாடா வீடுகளின் முற்றங்களில் கிணறுகளும் இருந்தன. குன்றின் நீர், கிணற்றின் நீர் என இரண்டையும் நம்பி வாழ்ந்த நகரம் அது.

ஆங்கிலேயர் காலத்தில் முத்தா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லாவில் அணை எழுந்தது. 1879இல் அப்பணி நிறைவுற்றது. அதன்பின் நகரம் சிறிது சிறிதாகக் குழாயின் பக்கம் திரும்பிற்று. குழாயைத் திறந்தால் நீர் வரும்போது முற்றத்துக் கிணற்றை எவர் போற்றுவர்? சில மூடப்பட்டன, சில குப்பைக் குழிகளாயின. 1961 ஜூலை 12ஆம் நாள், கட்டி முடியும் தறுவாயில் இருந்த பான்ஷெத் அணை உடைந்தது. அந்த வெள்ளம் கடக்வாஸ்லாவையும் உடைத்துக்கொண்டு நகருள் புகுந்தது. பலர் உயிரிழந்தனர், ஆற்றங்கரைப் பேட்டைகள் அழிந்தன. எங்கும் வெள்ளம் பாய்ந்து வடிந்த நகரில் குடிக்க நீர் இல்லை என்ற நிலை நேர்ந்தபோது, தூர்ந்துபோகாமல் எஞ்சியிருந்த பழங்கிணறுகளே மக்களுக்குக் கைகொடுத்தன. பின்னர் அணைகள் மீண்டும் எழுந்தன. கடக்வாஸ்லா, பான்ஷெத், வரஸ்காவ், தேம்கர் ஆகிய நான்கும் சேர்ந்து இன்று ஏறத்தாழ 29 டி.எம்.சி. நீரைத் தேக்க வல்லவை. கிணறு கைகொடுத்த செய்தியோ நகரின் நினைவிலிருந்து விரைவில் நீங்கிற்று.

நிலத்தடி நீர் மறக்கப்பட்டதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1843இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடைபெற்றது. பக்கத்து நிலத்தில் நிலக்கரி தோண்டியதால் தன் ஆலைக் கிணறு வற்றிவிட்டதென்று ஒருவர் முறையிட்டார். ஆற்றின் போக்கைக் கண்ணால் காணலாம். நிலத்தடி நீரின் போக்கையோ எவரும் அறியார். ஆதலின் ஆற்றுநீருக்குரிய விதி அதற்குப் பொருந்தாது என்னும் போக்கில் தீர்ப்பு அமைந்தது. அவர் முறையீடு தோற்றது. 13 ஆண்டுகளுக்குப் பின், 1856இல், பிரான்சு நாட்டின் திஜோன் நகருக்குக் குடிநீர் அமைத்த பொறியாளர் ஆன்ரி தார்சி, மணலினூடே நீர் செல்லும் வேகத்தைக் கணக்கிடும் விதியை வெளியிட்டார். அறிய இயலாதது என்று கருதப்பட்டது அளக்கத்தக்கதாயிற்று. எனினும் அந்த அறிவு சட்டத்தை எட்டவில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், குறித்த கால்வழியில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கே அளித்தது. கண்ணுக்குத் தெரியாதது என்ற காரணத்தால் ஒரு பொதுச் செல்வம் தனியுடைமைபோல் ஆயிற்று.

கையினால் வெட்டிய கிணறுகள் இருந்த வரையில் இதனால் பெருங்கேடு விளையவில்லை. 1972இல் மகாராஷ்டிரத்தை வாட்டிய கொடும் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில், கடும்பாறையையும் விரைவாகத் துளைக்கும் இயந்திரங்கள் ஊர்தோறும் பரவின. குடிநீரின்றித் தவித்த மக்களுக்கு அவை பேருதவி புரிந்தன என்பதில் ஐயமில்லை. அக்காலத்தில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்டு, சென்னையில் தயாரிக்கப்பட்ட 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு நாடெங்கும் சென்றது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இன்றும் வடபுலத்துச் சாலைகளில் நம் கண்ணில் படுகின்றன. இத்துறையில் தமிழர் பங்கு பெரிது. ஆனால் துளை போடுவது ஒரு நாள் வேலை. அத்துளை எந்த நீர்த்தாங்கியைத் தொடுகிறது, அதனை இன்னும் எத்தனை பேர் பருகுகின்றனர் என்று அறிவது அவ்வளவு எளிதன்று.

அந்த அறிவைத் திரட்டும் பணி புனேயிலேயே தொடங்கிற்று என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1972இல் மகாராஷ்டிர அரசு நிலத்தடி நீர் அளவீட்டு, மேம்பாட்டு முகமையை இந்நகரில் நிறுவிற்று. மாநிலத்தை ஏறத்தாழ 1,500 நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பகுத்து, கண்காணிப்புக் கிணறுகளைத் தேர்ந்து, ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கும் வழக்கத்தை அது ஏற்படுத்தியது. இவ்வாறு திரண்ட அறிவே சட்டத்தையும் அசைத்தது. 1993ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டம், பொதுக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 500 மீட்டருக்குள் புதிதாகக் கிணறு தோண்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 2009இல் இயற்றப்பட்டு 2013இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம், 60 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் துளையிடுவதைத் தடுத்தது. குடிநீருக்கே முதலிடம் என்பது இவ்விரண்டின் கருத்து.

நடுவண் அரசும் 2012இல் தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டத்தைத் தொடங்கிற்று. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஏறத்தாழ 25 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராய்ந்து, 2023இல் அப்பணியை நிறைவு செய்தது. ஆனால் அவ்வரைபடங்களில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரைக் கிலோமீட்டர். மாவட்டத்தின் நிலையை அறிய அது போதும். பத்தடிக்குப் பத்தடி மாறும் பசால்ட் பாறையில், ஒரு குடியிருப்பின் கிணற்றை அறிய அது போதாது. அதற்கு அவ்வூர்க் கிணறுகளையே ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். புனேயில் தன்னார்வ ஆராய்ச்சியாளர் சிலர் அவ்வாறு குடிமக்களின் துணையோடு கிணறுகளையும் ஊற்றுகளையும் கணக்கெடுத்து வருகின்றனர். வேதாள் குன்று போன்ற மேட்டுநிலங்களின் சரிவுகள் மழைநீரை உள்வாங்கிக் கீழேயுள்ள நீர்த்தாங்கிகளை நிரப்புகின்றன என்பதை அவர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். குன்றினை வெட்டிச் சாலை அமைத்தால், அடிவாரத்துக் கிணற்றுக்கு என்ன நேரும் என்ற கேள்வி இப்போது எழுகிறது. வரைபடம் இல்லையேல் அக்கேள்வியே எழுந்திராது.

வரைபடம் மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்கலாம். நம் சென்னையின் வரலாறு இதற்கு விடை தரும். 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியுடன், சென்னைக்கு வடக்கே ஆரணியாறு, கொசத்தலையாற்றுப் படுகைகள் விரிவாக ஆராயப்பட்டன. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களின் கிணற்றுப் பண்ணைகள் நகருக்கு நீர் வழங்கின. ஆனால் ஊறும் அளவுக்கு மேல் இறைத்தமையால், மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்துள் பல கிலோமீட்டர் புகுந்தது. 1987இல் சென்னைக்கெனத் தனிச் சட்டம் வந்தபோது உப்பு முன்பே வந்துவிட்டிருந்தது. அறிவு இருந்தது, அடக்கம் இல்லை.

புனேயில் கடல் இல்லை. இங்கு அஞ்சத்தக்கது கழிவுநீர். மணல் நீரை வடிகட்டும். பசால்ட்டின் விரிசலோ அழுக்கையும் விரைவாகக் கடத்திவிடும். 2025 ஜனவரியில், சிங்ககட் சாலைப் பகுதியில் நாந்தேட் சிற்றூர், கிர்கட்வாடி, தாயரி முதலிய இடங்களில் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் பலரைத் தாக்கிற்று. புனே வட்டாரத்தில் ஐயத்துக்குரியோர் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது, உயிரிழப்பும் நேர்ந்தது. நோயாளிகள் சிலரிடம் கேம்பிலோபேக்டர் என்னும் குடல் நுண்ணுயிர் காணப்பட்டது. குடிநீர் மாசே காரணமாகலாம் என்ற ஐயத்தால், அப்பகுதிக்கு நீர் வழங்கிய பெருங்கிணறும் சுற்றியிருந்த நீராதாரங்களும் சோதிக்கப்பட்டன. இவை 2017லும் 2021லும் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்ட 34 சிற்றூர்களைச் சேர்ந்த பகுதிகள். கடக்வாஸ்லா அணைக்கு மிக அருகில் வாழ்ந்தும், கிணற்றை நம்பியிருந்தவர்கள் அம்மக்கள். வீடுகள் பெருகிய வேகத்தில் கழிவுநீர்க் குழாய்கள் பெருகவில்லை. எந்தக் கிணறு எந்தச் சரிவிலிருந்து நீரைப் பெறுகிறது என்பது முன்பே வரையப்பட்டிருந்தால், அச்சரிவில் எதனைக் கட்டலாம், எதனைக் கட்டலாகாது என்று முன்பே முடிவு செய்திருக்கலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் இதில் என்ன செய்யக்கூடும்? நிலம் நம்முடையதன்று, ஊர் நம்முடையதன்று என்று ஒதுங்கி நிற்பது எளிது. ஆனால் நாம் குடிக்கும் நீர் இந்த ஊரின் நீர். நாம் வாங்கிய வீட்டின் அடியில் இருப்பதும் அண்டை வீட்டாரின் அடியில் இருப்பதும் ஒரே நீர்த்தாங்கி. நம் குடியிருப்புச் சங்கத்தின் ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி ஆழம், எந்த ஆழத்தில் நீர் கண்டது, மழைக்கு முன்னும் பின்னும் மட்டம் எவ்வளவு என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு இருமுறையேனும் நீரைச் சோதிக்கச் செய்யலாம். பழங்கிணற்றை மூட முற்படும்போது ஒரு கேள்வி எழுப்பலாம். இன்னும் ஆழமாகத் துளையிடுவோம் என்று சங்கக் கூட்டத்தில் எவரேனும் சொன்னால், அந்நீர் யாருடைய கிணற்றிலிருந்து வரும் என்று மராட்டிய அண்டையாரோடு அமர்ந்து பேசலாம். அக்குறிப்பேட்டை அளவீட்டு முகமையிடமோ, வரைபடப் பணியில் ஈடுபட்டுள்ளவர்களிடமோ காட்டினால், அவர்களின் வரைபடத்தில் நம் தெருவும் ஒரு புள்ளியாக இடம்பெறும்.