குருதியில் உலாவரும் காவலர்

1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் ஓர் எளிய கணக்கினால் பழைய கொள்கையொன்றை வீழ்த்தினார். அரைமணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் குருதி, உடலிலுள்ள முழுக் குருதியிலும் அதிகம். உண்ட உணவிலிருந்து அவ்வளவு குருதி இடையறாது உண்டாதல் இயலாது. ஆகவே ஒரே குருதியே சுற்றிச் சுழல்கின்றது என்பது அவர் கண்ட முடிபு. ஏறக்குறைய 330 ஆண்டுகளின் பின்னர் அதே வகையான கணக்கொன்று ஒக்ஸ்போர்டில் மீண்டும் எழுந்தது.

நிணநீர்க்குழியம் என்பது வெண்குழியங்களுள் ஒரு வகை. நெஞ்சறையிலுள்ள நிணநீர்க்கான் நாள்தோறும் குருதியிற் சொரியும் இக்குழியங்கள், குருதியில் உள்ளவற்றைப் பலமுறை ஈடுசெய்யப் போதுமானவை. ஆயினும் குருதியில் அவற்றின் தொகை பெருகுவதில்லை. வந்தவை எங்கே மறைகின்றன? அவை விரைவில் அழிகின்றன என்றனர் சிலர். வேறு கலங்களாக மாறுகின்றன என்றனர் வேறு சிலர்.

ஜேம்ஸ் கௌவன்ஸ் எலிகளின் நிணநீர்க்கானில் நுண்குழாய் செருகி, நிணநீரை வெளியே வடித்தார். சில நாட்களில் அதிலுள்ள குழியங்கள் பெரிதும் குறைந்தன. வடித்த குழியங்களை மீண்டும் குருதியிற் செலுத்தியபோது நிணநீரில் அவற்றின் தொகை மீண்டும் உயர்ந்தது. கதிர்வீசும் பொருளால் அடையாளமிட்டபோது, செலுத்திய குழியங்களே திரும்பி வருவது தெளிவாயிற்று. 1959இல் வெளியான இம்முடிபு, அவை மறையவில்லை, சுற்றி வருகின்றன என்பதை உணர்த்திற்று. நிணநீர்க்கணுக்களிலுள்ள தடித்த சுவருடைய சிறு நாளங்களின் வழியாகவே அவை குருதியை விட்டு வெளியேறுகின்றன என்பதை 1964இல் கௌவன்சும் நைட்டும் காட்டினர்.

1961இல் ஜாக் மில்லர் தைமசுச் சுரப்பியின் பணியை வெளிப்படுத்தினார். அங்கு முதிரும் நிணநீர்க்குழியங்களே பின்னர் 'ரீ' குழியங்கள் எனப் பெயர் பெற்றன. ஆயினும் ஒரு வினா எஞ்சியது. விரைந்தோடும் குருதியில் அள்ளுண்டு செல்லும் குழியம், தான் இறங்கவேண்டிய துறையை எவ்வாறு அறிகின்றது?

விடைக்கான முதற்படி 1987ஆம் ஆண்டளவில் கிடைத்தது. வெண்குழியங்களைத் தம்பால் ஈர்க்கும் சிறு புரதங்கள் அக்காலம் முதல் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டன. கெமோக்கைன் எனப்படும் இப்புரதங்களை உணர்வதற்குக் குழியத்தின் மேற்பரப்பில் வாங்கிகள் உள. ஒவ்வொரு வாங்கியும் கலமென்சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஒரு புரதத் தொடர். குழியம் முதலில் நாளச் சுவரில் மெல்ல உருள்கின்றது. அங்குள்ள கெமோக்கைன் வாங்கியைத் தொட்டதும் சுவரை இறுகப் பற்றுகின்றது. பின்னர் சுவரைக் கடந்து உட்புகுகின்றது. 1999இல் பேர்லின் ஆய்வாளர் சீசீஆர்-7 என்னும் வாங்கியற்ற எலிகளை உருவாக்கினர். அவற்றின் 'ரீ' குழியங்கள் நிணநீர்க்கணுக்களுள் நுழைவதில் பெரிதும் தவறின; நோய்க்கு எதிரான துலங்கலும் தாமதித்தது. வழி அறியாத காவலரால் பயன் சிறிது.

இதற்கிடையே இவ்வாராய்ச்சி மனித உயிர்களின் விடயமாயிற்று. எயிட்ஸ் நோயின் வைரசு 'ரீ' குழியத்துட் புக ஒரு வாங்கி மட்டும் போதாது என்பது தெரிந்திருந்தது. இரண்டாவது யாது என்பது தெரியவில்லை. சில கெமோக்கைன்கள் அவ்வைரசைத் தடுக்கின்றன என 1995இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்று அறிவித்தது. மறு ஆண்டே மறைபொருள் வெளிப்பட்டது. அழற்சியுற்ற இழையங்களை நோக்கிக் குழியங்களை வழிநடத்தும் சீசீஆர்-5 என்னும் வாங்கியே வைரசு புகும் வாயில்களுள் முதன்மையானது. காவலனுக்கு வழிகாட்டும் கருவியே கள்வனுக்கும் திறவுகோலாயிற்று.

அவ்வாண்டிலேயே இன்னொன்றும் தெரியவந்தது. பலமுறை தொற்றுக்கு உள்ளாகியும் நோயுறாத சிலரில், இவ்வாங்கிக்குரிய பரம்பரையலகில் 32 மூலங்கள் இல்லாதிருந்தன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்றவர் பெரும்பாலும் காக்கப்படுகின்றனர். ஐரோப்பிய வழியினரிடையே காணப்படும் இப்பேறு, நோயால் மிகவும் வருந்திய ஆபிரிக்க மக்களிடம் மிக அரிது. இயற்கை சிலருக்கே அளித்ததை மருந்தினால் ஏனையோருக்கும் அளிக்கும் முயற்சி எழுந்தது. சீசீஆர்-5 வாங்கியை அடைக்கும் மரவிரொக் என்னும் மருந்து 2007இல் அங்கீகாரம் பெற்றது.

கௌவன்ஸ் எலியின் நிணநீரை வடித்த காலத்தில் எயிட்ஸ் என்னும் பெயரே உலகில் இல்லை. எண்ணிக்கை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே அவரைத் தூண்டியது. உடனடிப் பயன் கருதாது கேட்கப்பட்ட அவ்வினா, அரை நூற்றாண்டு கழியுமுன் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது.