சிலந்தி இழையும் வெப்பக் கடத்தலும்: ஒரு முரண்பாட்டின் வரலாறு
பட்டும் பலபடிப் பொருள்களும் வெப்பத்தை அரிதாகவே கடத்தும் என்பது நெடுங்காலக் கருத்து. மூலக்கூற்றுத் தொடர்கள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடப்பதால் வெப்பத்தைச் சுமக்கும் அணு அதிர்வுகள் சிதறிவிடுகின்றன என்பது அதற்குரிய விளக்கம்.

2010இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் பாலிஎத்திலீனை நுண்ணிழையாக இழுத்துத் தொடர்களை ஒருதிசைப்படுத்தினர். கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 104 வாட் வரை உயர்ந்தது. 2012இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சிலந்தியின் இழுவை இழைக்குச் செம்பையொத்த 416 வாட் என்னும் மதிப்பை அறிவித்தனர். ஆயின் 2014இல் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது மிகக் குறைந்த மதிப்பே கிடைத்தது.

ஒருதிசை அமைவு கடத்தலை உயர்த்தும் என்னும் கொள்கை பாலிஎத்திலீனில் மெய்ப்பட்டது. சிலந்தி இழையிலோ சிறு படிகங்களுக்கிடையே ஒழுங்கற்ற பகுதிகள் குறுக்கிடுகின்றன. ஆதலின் அவ்வுயர் மதிப்பை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.