கேரவனில் மின்சாரம் வந்த கதை

கேரவன் என்றதும் நம்மூரில் சினிமா நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலோ அது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன வீடு. 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர், ஊர் சுற்றுவதற்கென்றே 'வாண்டரர்' என்ற கேரவனைச் செய்யச் சொன்னார். அதை இழுத்தவை குதிரைகள். அதில் மின்சாரம் கிடையாது, அதனால் மின்சாரத் தொல்லையும் கிடையாது!

பிறகு கார்கள் வந்தன. கேஸ் விளக்கு போய், 12 வோல்ட் பேட்டரி வந்தது. சிக்கலும் கூடவே வந்தது. 60 வாட் விளக்குகளுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். மழையிலும் ஈரத்திலும் களிம்பேறிய ஓர் இணைப்பு 0.4 ஓம் தடை தந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். விளக்கு மங்கும்.

பழி பேட்டரி மேல் விழும். புதிது வாங்கினாலும் அதே கதைதான். விளக்கை அணைத்துவிட்டு மீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும்; மின்னோட்டம் இல்லாதபோது இழப்பும் இல்லையே! விளக்கை எரியவிட்டு ஒவ்வோர் இணைப்பாக அளந்தால்தான் குற்றவாளி சிக்கும். பல நேரம் அது எர்த் கம்பியின் இணைப்பாகவே இருக்கும்.

தொலைந்த அந்த 2 வோல்ட் சும்மா போவதில்லை. மரச்சுவருக்குள் 10 வாட் சூடாக மாறுகிறது. மங்கும் விளக்கு வெறும் தொல்லை அல்ல, தீ வருமுன் வரும் எச்சரிக்கை.