பைப் பாஸுக்கு எதுக்குக் கடதாசி?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2009 ஜனவரியில் நகரம் கைமாறியபோது அது விழுந்து கிடந்தது. பிறகு தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த ஆக்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நாங்கள் கேட்க நினைப்பது வேறொன்று. அதுக்குப் பிறகு வன்னி வீடுகளுக்குள்ள பைப் போட்டது யார்?

எங்கட அம்மம்மாக்களின் காலத்தில் தண்ணீர் என்றால் கிணறும் கப்பியும் வாளியும்தான். பைப் வேலை தெரிந்தவர்கள் குறைவு. 2009 இல் கிட்டத்தட்ட 3 இலட்சம் பேர் வவுனியாப் பக்க முகாம்களில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. மொத்தம் 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்கு கிழக்கில். பெரும்பாலும் வீட்டுக்காரரே மேசனைத் தேடிப் பிடித்துக் கட்டவேண்டும். மண் சுமக்கப் போன பொடியள் பலர் தொழில் பழகியது அந்த வீடுகளில்தான்.

எங்களில் ஒருத்தரின் மாமாவும் அப்படித்தான். ஓ/எல் எழுதவேண்டிய வருசம் இடம்பெயர்வில் போனது. பத்து வருசத்துக்கு மேல் பைப் வேலை செய்கிறார். ஆனால் ஒரு பெரிய கட்டட வேலைக்குப் போனபோது, "லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்டு, இல்லையென்றதும் கையாளின் சம்பளம்தான் கொடுத்தார்கள்.

எங்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் அந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. 1871 இல் விக்டோரியா மகாராணியின் மகன், பின்னாளின் ஏழாம் எட்வர்ட், நெருப்புக் காய்ச்சலில் சாவின் விளிம்புக்குப் போனார். அவர் தங்கிய மாளிகையின் கழிவுக் குழாய்கள் மேல் சந்தேகம் விழுந்தது. 1886 இல் லண்டன் பிளம்பர்களின் பழைய சங்கம் தகுதி பார்த்துப் பெயர் பதியத் தொடங்கியது. 1933 இல் சிக்காகோவில் இரண்டு ஹோட்டல்களின் பிழையான குழாய்களால் கழிவு குடிதண்ணீரோடு கலந்து 98 பேர் செத்தார்கள். கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் இருக்கிற எங்கட ஊருக்கும் இது தூரத்துக் கதை இல்லை.

ஆகவே தொழில் தெரியுமா என்று சோதிப்பது நியாயம். யுத்தம் பறித்த பள்ளிக்கூடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் அநியாயம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஊரில் லைசன்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைத்தான், அதாவது என்.வி.கியூ. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வருவது. மொத்தம் 7 நிலைகள். வகுப்பில் இருந்து படிக்காதவர்களுக்கு 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற வழி உண்டு. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டவேண்டும், மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்யவேண்டும், கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். ஓ/எல் இல்லாதது அதற்குத் தடை இல்லை.

மாமாவின் வேலைகளைப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கி, படிவம் நிரப்பியது நாங்கள். மதிப்பீட்டின்போது, கொமட்டுக்குக் கீழே வளைவில் ஏன் தண்ணீர் நிற்கவேண்டும் என்று கேட்டார்களாம். "நாத்தம் திரும்பி வீட்டுக்குள்ள வராமல் இருக்க" என்றாராம் மாமா. 1871 இன் லண்டன் பயந்ததும் அந்த நாத்தத்துக்குத்தான். மாமாவுக்கு நிலை 3 கிடைத்தது.

கலைப்பீடத்தில் படித்து என்ன செய்யப்போறியள் என்று கேட்கிறார்கள். படிவம் நிரப்புவோம், கடிதம் எழுதுவோம். உங்கட ஊரிலும் கடதாசி இல்லாத ஒரு பைப் பாஸ் இருப்பார். போய்க் கேளுங்கள்.